வெள்ளிக்கிழமை மட்டும் கூவிய வான்கோழி

எனக்குக் காது நல்லது. பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமையாகத்தான் சொல்கிறேன். டோர்ட்மண்டில் பள்ளிக்கூடம் முடித்து, காது கேட்கும் கருவி பொருத்தும் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்த நாள் முதல், யாருக்கு எது கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கடைக் கதவைத் திறந்து வருகிறவர் மூன்று வசனம் பேசி முடிப்பதற்குள் எந்தப் பக்கக் காது மந்தம் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மேசையைச் சுற்றி எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர், "உனக்குப் பிழையாய்க் கேட்டிருக்கும்" என்றார். எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது நடந்த இடம் வேட்டைக்காரர்களின் மரக்குடில். கொலோனுக்கும் ஆஹெனுக்கும் நடுவே, வயல்களுக்குப் பின்னால் ஒரு காட்டின் ஓரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து நான்கு வயதில் ஜெர்மனிக்கு வந்த ஒருத்திக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் சனம் கேட்காத நாளில்லை. கோயிலில் கேட்கிறார்கள். கலியாண வீட்டில் சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள். "பிள்ளை, நீர் உண்மையாவே துவக்கு வைச்சிருக்கிறீரோ?"

"ஓம் அன்ரி, ரெண்டு வைச்சிருக்கிறன்" என்பேன். அதற்குப் பிறகு அவர்கள் என் சம்பளத்தைப் பற்றியோ, எனக்கு ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்றோ கேட்பதில்லை. துவக்கால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

காட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் கடைக்கு வந்த ஒருத்தி. என் வயதுதான். சீனி எடுக்கும் பீட்ரூட் பயிரிடுகிறவள், அதோடு அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவள். வருடக்கணக்காகத் துவக்குச் சத்தம் கேட்டு இடது காது பாதி போய்விட்டது. கருவி பொருத்திக்கொண்டு போனவள் இரண்டு கிழமையில் திரும்பி வந்து, "கடையில எல்லாம் கேட்குது, காட்டில ஒண்டும் கேட்கேல்லை" என்றாள். அவள் பேசியது ஜெர்மன்தான். இதில் வரும் ஜெர்மன்காரர் எல்லாரையும் நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசவைக்கப் போகிறேன், என் தலைக்குள் அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். கடைக்குள் இருந்துகொண்டு காட்டுச் சத்தத்துக்கு எப்படிக் கருவியைத் திருத்துவது? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு விடியற்காலை அவளோடு போய் மரத்தடியில் குந்தினேன். அவள் காது சரியாகிவிட்டது. நான் மாட்டிக்கொண்டேன்.

இந்த நாட்டில் துவக்கை எடுத்துக்கொண்டு நினைத்தபடி காட்டுக்குள் போக ஏலாது. முதலில் பரீட்சை. சட்டம், மரங்கள், மிருகங்களின் நோய், குறி பார்த்துச் சுடுவது, சுட்டதைச் சுத்தமாக அறுப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து போய்ப் படித்தேன். எங்கள் வகுப்பில் மூன்று ஜெர்மன்காரர் இரண்டாம் தரம் எழுதவேண்டி வந்தது. நான் எழுதவில்லை. அதற்குப் பிறகும் சும்மா போக முடியாது. ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர், "இவர் என் காட்டுக்குள் வேட்டைக்கு வரலாம்" என்று கையெழுத்துப் போட்டு ஒரு அனுமதி அட்டை தரவேண்டும். பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டு அந்த அட்டைக்காக ஐந்து, ஆறு வருடம் வீடு வீடாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். குத்தகைக்காரி எனக்கு அதே கோடையில் தந்தாள். அந்தக் குடிலில் அட்டை வைத்திருந்த ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் கறுப்பி. அட்டையைக் கைத்தொலைபேசி உறைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். தேவையில்லாத இடத்திலும் எடுத்துக் காட்டுவேன்.

என் கணவர் தமிழ்நாட்டுக்காரர், தென்காசிப் பக்கம். ஆஹெனில் படிக்க வந்து அங்கேயே ஐடி வேலையில் ஒட்டிக்கொண்டவர். என்னுடைய துவக்குப் பெட்டியைப் பார்த்தால் தள்ளி நடப்பார். ஆனால் காட்டுக் கதை கேட்கப் பிடிக்கும். அந்தக் காட்டில் காட்டு வான்கோழிகள் இருக்கின்றன என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "வான்கோழியா? இங்கயா? அது அமெரிக்கப் பறவைல்ல?"

"ஓம். முந்தி ஒரு காலம் வேட்டைக்காரர் கொண்டுவந்து விட்டவை. கன இடத்தில செத்துப்போச்சு, இஞ்ச கொஞ்சம் தப்பிட்டுது."

"அப்ப அதுங்களுக்கும் பெர்மனென்ட் விசா குடுத்தாச்சா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வான்கோழிக்குப் பெயர் விசாக்காரர்.

வசந்த காலத்தில் சேவலை மட்டும்தான் சுடலாம், கோழியைத் தொடக்கூடாது. அதுவும் எங்கள் காட்டில் ஒரு வசந்தத்துக்கு ஒரு சேவல், அவ்வளவுதான். சேவல் எங்கே இருக்கிறது என்று அறிய ஒரே வழி காது. இரவு முழுக்க உயரமான மரத்தில் அடைந்திருக்கும் சேவல், வெளிச்சம் வரும்போது மரத்தில் இருந்தபடியே கூவும். வாய் சிறுத்த போத்தலைத் தலைகீழாய்க் கவிழ்த்தால் தண்ணீர் எப்படிக் குளகுளவென்று வரும், அந்த மாதிரி ஒரு சத்தம், ஆனால் அரைக் கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும். ஒருமுறை கேட்டவர் வேறு எதோடும் மாறாட்டம் செய்யமாட்டார்.

அந்த வருடம் சேவல் கூவவில்லை. அதாவது மற்றவர்கள் சொன்னபடி கூவவில்லை.

மற்றவர்கள் என்றால் முக்கியமாக ஒருவர். கூரை வேலை செய்கிறவர். அவரைப் பெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. கையளவு பெட்டி, மேலே ஒரு மூடி. மூடியைப் பெட்டியின் விளிம்பில் இழுத்தால் பெட்டை வான்கோழி கத்துவது போலவே கத்தும். பெட்டைச் சத்தத்தைக் கேட்டுச் சேவல் வரும், சுடலாம் என்பது கணக்கு. மனிதர் நல்லவர், பொய் சொல்லக்கூடாது. நான் ஏறி இருக்கும் மரப்பரணில் படி உடைந்தபோது கேட்காமலே வந்து ஆணி அடித்துத் தந்தவர். ஆனால் பெட்டி கையில் கிடைத்தால் விடமாட்டார். சனிக்கிழமை விடியமுன் வந்து, காட்டின் நடுவில் இருக்கும் புல்வெளிக்கு அருகே, ஒவ்வொரு கிழமையும் அதே ஓக் மரத்துக்குக் கீழே இருந்துகொண்டு இழுப்பார். ஞாயிறும் வந்து இழுப்பார். பிறகு குடிலுக்கு வந்து, "ஒரு சத்தமும் இல்லை. நரி பிடிச்சிட்டுதுபோல" என்பார்.

நான் வெள்ளிக்கிழமைகளில் போவேன். எனக்குக் கடையில் வெள்ளி லீவு. ஆனால் வெள்ளியில் துவக்குத் தொடமாட்டேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம், மச்சச் சட்டி அடுப்பில் ஏறாது. பரீட்சையில் பாஸ் பண்ணினேன் என்று டோர்ட்மண்டுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அம்மா, "என்னவும் செய், வெள்ளிக்கிழமையில ஒரு உயிரையும் கொல்லாதை" என்றா. சரி என்று சொல்லிவிட்டேன், சொன்னால் சொன்னதுதான். குத்தகைக்காரிக்கு இதை விளங்கப்படுத்தியபோது, எங்கள் அப்பம்மா காலத்தில் கத்தோலிக்கர் நாங்களும் வெள்ளியில் இறைச்சி தொடாமல் மீன்தான் தின்றோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் நான் காட்டுக்குள் போவது வெறுங்கையோடு. துவக்கும் இல்லை, சுடப்போவதில்லை என்றபடியால் கூப்பிடும் கருவியும் இல்லை. ஒரு போத்தல் தேநீர், மடித்து வைத்த ஒரு பழைய சாரம், அதை விரித்து மரத்தில் சாய்ந்து இருப்பேன்.

மார்ச் கடைசி வெள்ளி, ஆறரை மணி இருக்கும், எனக்கு அது கேட்டது. புல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்த மரங்களில் இருந்து, மூன்று தரம், தெளிவாக. கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தேன். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் சனிக்கிழமைக் காலை எல்லாரும் குடிலில் கூடியபோது சொன்னேன். பெட்டிக்காரர் அன்று விடியவும் அதே இடத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பக்கத்து ஊரில ஆரும் வீட்டு வான்கோழி வளர்க்கினமோ தெரியாது" என்றார். மற்ற மூன்று பேரும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரி எங்கள் காட்டில் பார்த்ததையும் கேட்டதையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பவள். "ஒருத்தருக்கு மட்டும் கேட்டால் நான் எழுதுறேல்லை. குறை நினைக்காதை" என்றாள். எனக்குக் குறைதான். ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளியும் எனக்குக் கேட்டது. சனி, ஞாயிறு அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. பெட்டிக்காரர் அன்பாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. "பிள்ளை, கேட்கவேணும் கேட்கவேணும் எண்டு இருந்தால் எல்லாருக்கும் கேட்கும். நானும் புதுசில அப்பிடித்தான். உனக்குப் பிழையாய்க் கேட்டிருக்கும்."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். கணவர் எட்டிப்பார்த்தார். "யாரு மேல கோவம்?"

"எனக்குப் பிழையாய்க் கேட்டதாம்."

"எல்லாருக்கும் ஹியரிங் டெஸ்ட் பண்றவளுக்கா?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு துடைப்பதற்குத் துணியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது வெள்ளி ஈஸ்டருக்கு முந்திய வெள்ளி. அன்றைக்குப் போய் இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி வரை இருந்தேன். மைனாவுக்குச் சொந்தக்காரன் போல ஒரு பறவை மட்டும் தலைக்கு மேலே நின்று கத்தியது. காரை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது முதல் தரமாக எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நான் கேட்க ஆசைப்பட்டதைத்தான் கேட்டேனா? இந்தத் தொழிலில் இருக்கும் ஒருத்திக்கு அது சின்ன விசயம் இல்லை. விடுமுறை முடிந்து கடை திறந்த நாள், என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம், "எனக்கு ஒரு டெர்மின் போடு, காது பரிசோதிக்க" என்றேன். பகிடி என்று நினைத்தாள். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் போய் நானே இருந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமத்தினேன். அவள் முடிவை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இருபது வயதுக்காரிக்கு இருக்கவேண்டிய காது என்றாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான்காவது வெள்ளி, திரும்பவும் கூவியது. இரண்டு தரம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் போட்டேன். நான் கேட்ட நாட்களை ஒரு நிறத்தில் வட்டமிட்டேன், பெட்டிக்காரர் காட்டுக்குப் போன நாட்களை வேறு நிறத்தில். எல்லாச் சனி, ஞாயிறும் அவருடையது. ஈஸ்டர் கிழமையில் மட்டும் அவர் விடுமுறை என்று செவ்வாய்க்கிழமையே வந்து, வியாழன் வரை குடிலில் தங்கி, காலையும் மாலையும் பெட்டியை இழுத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த வெள்ளியில்தான் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இவ்வளவு நாளும் இது தெரியாமல் இருந்ததற்கு.

சேவல் எங்கேயும் போகவில்லை. அது கேட்டுக்கொண்டு இருந்தது. வான்கோழிகளின் வழக்கப்படி சேவல் கூவும், பெட்டை அதைத் தேடி நடந்து போகும். சேவல் பெட்டையைத் தேடிப் போவதில்லை. எங்கள் ஆட்கள் அதைத் தலைகீழாக்கி, பெட்டை மாதிரிக் கத்திவிட்டுச் சேவல் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நடக்காமலே இருந்த இடத்தில் இருந்து கத்திக்கொண்டிருக்கும் பெட்டை, எப்போதும் அதே ஓக் மரத்தடியில், எப்போதும் கார் வந்து நின்ற பிறகு. என்ன மடைச் சேவலுக்கும் இரண்டு கிழமையில் விளங்கிவிடும். பெட்டிச் சத்தம் கேட்டால் வாயை மூடு என்று அது படித்துக்கொண்டது. பெட்டி ஓய்ந்து நான்கைந்து நாள் போனால்தான் பயம் தெளிந்து, வெள்ளியளவில் மெல்லத் தொண்டையைத் திறந்தது. நான் வெறுங்கையோடு போய் இருந்ததால் எனக்குக் கேட்டது. அம்மாவுடைய வெள்ளிக்கிழமை எனக்கு இப்படி உதவும் என்று யார் நினைத்தது.

சனிக்கிழமை நாட்காட்டியோடு குடிலுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்காரர் நாட்காட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருசமாய் வேட்டைக்குப் போறன், சேவல் நாட்காட்டி பார்த்துக் கூவுறதை நான் காணேல்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குத்தகைக்காரியும் சிரித்தாள்.

எனக்கு ஒரு குணம். என்னைப் பார்த்துச் சிரித்தால் வாய் என் சொல் கேட்காது. "ஒரு கிழமை தாங்கோ" என்றேன். "இண்டைக்கு மத்தியானத்தில இருந்து அடுத்த சனி விடியுமட்டும் ஒருத்தரும் காட்டுக்குள்ள போகக்கூடாது. நானும் போகமாட்டன். ஒருத்தரும் கூப்பிடக்கூடாது. அடுத்த சனி ஆறு பேரும் ஒண்டாய்ப் போய் இருப்பம். கூவேல்லையெண்டால் என்ர அட்டையை நான் திருப்பித் தாறன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அட்டையைத் திருப்பித் தருவதைப் பற்றி அங்கே யாரும் பகிடிக்குக் கூடப் பேசுவதில்லை. குத்தகைக்காரி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "உப்பிடி ஒருத்தரும் உன்னைக் கேட்கேல்லை" என்றாள்.

"நான்தானே சொல்லுறன்."

"சரி" என்றாள். "ஒரு கிழமை."

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா இருந்திருக்கலாம்ல? இப்படி வாயக் குடுத்து மாட்டிக்கிட்டு வந்திருக்க. அந்த கார்டுக்கு நீ எவ்வளவு கஷ்டப்பட்ட?"

"எனக்குக் கேட்டது கேட்டதுதான்."

"உனக்குக் கேட்டுச்சு, சரி. அந்த விசாக்காரர் சனிக்கிழமை டயத்துக்கு வந்து சாட்சி சொல்லுவார்னு என்ன கேரண்டி?" என்றார்.

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு தாத்தாவுக்கு வலது கருவியை இடது காதில் மாட்டப் பார்த்தேன். வெள்ளி விடிய, பழக்கத்தில் எழும்பிவிட்டேன். போகக்கூடாது. பால்கனியில் நின்றேன். கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "பன்னெண்டு கிலோமீட்டர். இங்கிருந்தே கேக்குதா?" என்றார். பிறகு உள்ளே போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம்.

சனிக்கிழமை இருட்டோடு ஆறு பேரும் நடந்து போனோம். புல்வெளியின் ஓரத்தில் வரிசையாக இருந்தோம். பெட்டிக்காரர் சொன்னபடி பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். சின்னப் பறவைகள் தொடங்கின. தூரத்தில் சரக்கு ரயில் போனது. மரங்களின் உருவம் தெரிய ஆரம்பித்தது. நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

கூவவில்லை.

ஆனால் எனக்கு வேறு ஒன்று கேட்டது. அந்தப் பக்கத்து மரங்களிலிருந்து கனமான இறக்கைகள் அடித்துக்கொண்டு இறங்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு பெட்டைகள் என்று விரலால் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டை மட்டும் புல்வெளியின் மூலையைக் கடந்து போனதை எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தச் சேவலுக்குப் பக்கத்து மரத்திலேயே நான்கு பெட்டைகள் இரவு முழுக்க இருந்திருக்கின்றன. எல்லாரும் வீட்டில் இருக்கும்போது யாராவது வாசலில் நின்று கூப்பிடுவார்களா? பெட்டைகள் சூழ இருக்கும் சேவலுக்குக் கூவத் தேவையில்லை. இதை நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்காமல் அட்டையைப் பந்தயம் கட்டிவிட்டேன்.

வெயில் புல்லில் விழுந்துவிட்டது. எட்டு மணி தாண்டிவிட்டது. குத்தகைக்காரி எழும்பினாள். நான் மெல்லச் சொன்னேன், "பெட்டையள் முட்டையிடக் கூட்டுக்குப் போகுங்கள். பிறகு சேவல் தனிச்சுப்போகும். அப்ப கூவும். இன்னும் கொஞ்ச நேரம்."

"நாங்கள் பார்த்தது கோழி" என்றார் பெட்டிக்காரர். "சேவல் எங்கை? நீ ஒரு கிழமை கேட்டனி, நாங்கள் ஒரு கிழமை தந்தம்." குரலில் வெற்றி இல்லை. களைத்துப்போய் இருந்தார்.

இன்னும் ஒரு மணித்தியாலம் என்று கெஞ்சியிருக்கலாம், தந்திருப்பார்கள். எனக்குக் கெஞ்ச வரவில்லை. எழும்பி, சாரத்தைத் தட்டி மடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தேன். கார்கள் நின்ற இடம் காட்டு விளிம்பில், குடிலுக்கு அருகே. அங்கே போய் நின்று, கைத்தொலைபேசி உறைக்குள்ளிருந்து அட்டையை இழுத்தேன். இவ்வளவு நாள் இருந்ததில் உறையோடு ஒட்டிப்போயிருந்தது, நகத்தால் கிளப்ப வேண்டியிருந்தது.

"வைச்சிரு பிள்ளை" என்றார் பெட்டிக்காரர். "விளையாட்டுக்குச் சொன்னதுதானே."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நான் ஒண்டும் விளையாட்டுக்குச் சொல்லேல்லை" என்றேன். அட்டையைக் குத்தகைக்காரியிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெல்லக் கையை நீட்டினாள். வாங்காவிட்டால் என்னை இன்னும் கேவலப்படுத்தியதாகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக இன்றைக்கும் அவளை மதிக்கிறேன்.

அவளுடைய விரல் அட்டையைத் தொடும் நேரம் பெட்டிக்காரர் தும்மினார். பேர்ச் மரம் பூக்கும் காலத்தில் பாதி ஜெர்மனி தும்மும், ஆனால் அவருடையது கூரை மேல் நின்று கீழே இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய நெஞ்சிலிருந்து வந்த தும்மல். ஒரே ஒரு தும்மல்.

எங்கள் வீட்டில் ஒற்றைத் தும்மல் கேட்டால் கொடுப்பதைக் கொடுக்கமாட்டோம், போகிறவர் போகமாட்டார். இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிறகு எதுவும். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. கைக்கு இருந்தது. அது தானாகவே பின்னுக்கு வந்துவிட்டது. குத்தகைக்காரியின் விரல்கள் வெறும் காற்றைப் பிடித்தன. அவள் என்ன என்று கேட்க வாயைத் திறந்தாள்.

காட்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது.

முழுதாக, தொண்டையைத் திறந்து, குளகுளவென்று. இருநூறு மீற்றர் இருக்காது. பெட்டிக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, இந்த முறை யாரும் தும்மாமலே, திரும்பவும் கூவியது. பிறகு இன்னொரு தரம்.

குத்தகைக்காரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "கேட்டதோ?" என்றாள். ஒவ்வொருவராக ஓம், ஓம் என்றார்கள். எனக்கு உள்ளே குதிக்கவேண்டும் போல் இருந்தது. குதிக்கவில்லை. வேட்டைக்காரி குதிக்கமாட்டாள்.

பெட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தும்மினதுக்கு ஏன் கூவினது?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் காட்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"திடுக்கிட்டால் தன்னை மறந்து கூவிப்போடும்" என்றேன். "இடிக்கும் கூவும், ஆந்தைக்கும் கூவும். ஆனால் பயந்துபோயிருந்தால் அதுக்கும் வாய் திறக்காது. ஒரு கிழமை சும்மா விட்டதால பயம் போயிட்டுது. இப்ப பெட்டையளும் போயிட்டுதுகள்."

"அப்ப மற்ற நாளில..." என்று இழுத்தார்.

"மற்ற நாளில என்ன நடந்தது எண்டு சொல்லுறன், இருங்கோ" என்றேன். ஐந்து பேரும் காரின் பின்பக்கத்திலும் வெட்டிப்போட்ட மரத்திலுமாக இருந்தார்கள். நான் நின்றுகொண்டு கால் மணித்தியாலம் பேசினேன். பெட்டிக்காரர் ஒரு தரம்கூடக் குறுக்கே பேசவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.